யாரோடு செஸ் ஆடினால் முன்னேறலாம்?

[திரையில்: 11 சிறிய செஸ் பலகைகள். 10 சிவப்பு, 1 பச்சை.]

உங்களைவிட ரேட்டிங்கில், அதாவது ஆட்டப் பலத்தைக் காட்டும் எண்ணில், 400 புள்ளி கூடுதலாக உள்ள ஒருவருடன் 11 ஆட்டம் ஆடினால், கணக்குப்படி உங்களுக்குக் கிடைப்பது 1 புள்ளி. ஒரு வெற்றி, அல்லது இரண்டு டிரா. மீதி 10 புள்ளியும் அவருக்கு.

இந்தக் கணக்கைப் போட்டவர் ஆர்பட் ஈலோ. ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மார்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960-லும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970-லும் அவருடைய முறைக்கு மாறின. அதே சூத்திரத்தில் வரும் வேறு சில எண்களையும் பாருங்கள்.

[திரையில்: வித்தியாசம் 100 – 36%. வித்தியாசம் 200 – 24%. வித்தியாசம் 300 – 15%. வித்தியாசம் 400 – 9%.]

எதிராளி 100 புள்ளி கூடுதல் என்றால், 100 ஆட்டத்தில் 36 புள்ளி உங்களுக்கு வரும். 200 கூடுதல் என்றால் 24. 300 என்றால் 15.

"பலமானவங்களோட ஆடு, அப்பதான் கத்துக்குவே" என்று எல்லா கிளப்பிலும் ஒரு அண்ணன் சொல்வார். தப்பில்லை. ஆனால் எவ்வளவு பலமானவர் என்று அவர் சொல்வதில்லை. நாம் இன்றைக்குப் பார்க்கப்போவது அந்த 'எவ்வளவு'.

ஒரு தோல்வி எப்போது பயன்படும்? ஏன் தோற்றோம் என்பதை, கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால், நீங்களே கண்டுபிடிக்க முடிந்தால். எதிராளியின் பலம் சரியா இல்லையா என்பதற்கு நான் வைக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்.

[திரையில்: பலகை. வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்புச் சிப்பாய் இ5, வெள்ளை ராணி எச்5.]

புதிதாக ஆட வருகிற பலரும் ஆசைப்படும் தாக்குதல் இது. இரண்டாவது நகர்விலேயே ராணி வெளியே வந்துவிடும். அடுத்து பிஷப் சி4-க்கு வரும். எதிராளி கவனிக்கவில்லை என்றால் எஃப்7-ல் மேட், நான்கே நகர்வில் ஆட்டம் முடிந்துவிடும்.

உங்களைவிடப் பலம் குறைந்தவரோடு மட்டுமே ஆடினால் இது பத்தில் ஐந்து முறையாவது பலித்துக்கொண்டே இருக்கும். பலிக்கிற பழக்கத்தை யார் விடுவார்கள்?

இப்போது உங்களைவிட 100, 150 புள்ளி கூடுதலான ஒருவரிடம் இதையே ஆடிப் பாருங்கள். அவர் குதிரையை சி6-க்குக் கொண்டுவந்து இ5 சிப்பாயைக் காப்பார். பிஷப் வந்ததும் ஜி6 தள்ளி ராணியைத் துரத்துவார். ராணி எஃப்3-க்குப் போய் மறுபடி மிரட்டினால், இன்னொரு குதிரையை எஃப்6-ல் வைத்து வழியை அடைத்துவிடுவார். பலகையைப் பாருங்கள். உங்கள் ராணி இரண்டு முறை நகர்ந்திருக்கிறது. அதே நேரத்தில் அவருடைய இரண்டு குதிரைகளும் வெளியே வந்துவிட்டன. ஆட்டத்தில் தோற்றாலும் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. ராணியைச் சீக்கிரம் இறக்கினால் நேரம் வீணாகும், அவ்வளவுதான். நாளையிலிருந்து ஆட்டம் மாறிவிடும்.

சரி, எதிரே இருப்பவர் 2000 ரேட்டிங், நீங்கள் 1200 என்று வைத்துக்கொள்வோம். அவரும் இதே மாதிரிதான் தடுப்பார். அதற்குப் பிறகு 20 நகர்வுகளுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆனால் உங்கள் பிஷப்புக்குப் போக இடமில்லாமல் போகும், யானைக்குத் திறந்த வரிசை கிடைக்காது, 31-ஆவது நகர்வில் மூச்சுமுட்டி ஒரு குதிரையைக் கோட்டைவிடுவீர்கள். வீட்டுக்குப் போய் "குதிரையைப் பார்க்காம விட்டுட்டேன்" என்று எழுதிவைப்பீர்கள். உண்மையில் ஆட்டம் போனது 14-ஆவது நகர்வில், யோசிக்காமல் தள்ளிய ஒரு சிப்பாயால். அது உங்கள் கண்ணில் இன்னும் படாது. ஆக, நீங்கள் தோற்றதும் பாடம் படித்ததும் வெவ்வேறு இடத்தில்.

அதனால் என் சிபாரிசு, உங்கள் ஆட்டங்களில் பெரும்பகுதி உங்களைவிட 100 முதல் 200 புள்ளி கூடுதலானவர்களோடு இருக்கட்டும். மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று புள்ளி வந்துகொண்டிருக்கும். மனசும் விட்டுப்போகாது, தப்புக்குத் தண்டனையும் கிடைக்கும். இது ஆராய்ச்சியில் வந்த எண் இல்லை, ஈலோ கணக்கை வைத்து நான் போடும் கோடு. 800, 900-ல் இருப்பவருக்கு 50 கூடுதலே போதும். அந்தக் கட்டத்தில் பெரும்பாலான ஆட்டங்களை முடிவு செய்வது, யார் காயை இலவசமாகக் கொடுத்தார் என்பதுதான்.

பலம் குறைந்தவர்களை ஒதுக்கிவிடலாமா? கூடாது. இதை நிறையப் பேர் புரிந்துகொள்வதில்லை.

ஒரு காய் கூடுதலாக இருக்கும் ஆட்டத்தை ஜெயித்து முடிப்பது தனித் திறமை. பலமானவரிடம் உங்களுக்கு அந்த நிலைமையே அமையாது. யானை முடிவாட்டத்தில் ஒரு சிப்பாய் கூடுதல் என்று வந்து நிற்பதற்கு, எதிராளி உங்களைவிடக் கொஞ்சம் கீழே இருக்கவேண்டும். புதிய திறப்பு, அதாவது ஆட்டத்தின் முதல் சில நகர்வுகளுக்கான வரிசை, ஒன்றைப் பழக ஆரம்பிக்கும்போதும் அவர்கள்தான் சரி. திறப்பில் நடந்த தப்புக்கு உடனே செத்துப்போகாமல், நடு ஆட்டம் வரை போய்ப் பார்க்கலாம்.

ஆனால் கீழே உள்ளவரோடு ஆடும்போது ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். "அவர் இதைப் பார்க்கமாட்டார்" என்று நினைத்து காயை நகர்த்துவது. அந்த நினைப்பு ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை வந்தால், அன்றைக்கு உங்களுக்கு வேறு எதிராளி தேவை.

[திரையில்: ஒரு 1700, ஒரு 1500. நடுவில் அம்புக்குறிகள்: +9.6, –30.4.]

கீழே உள்ளவர்களோடு ஆடாமல் ஒதுங்குவதற்கு உண்மையான காரணம் வேறு. பயம். ஃபிடே கணக்கில் 18 வயதுக்குக் கீழே, 2300 ரேட்டிங்குக்குக் கீழே இருப்பவர்களுக்கு 'கே' என்ற பெருக்கல் எண் 40. அப்படி ஒரு பையன் தன்னைவிட 200 குறைந்தவரை ஜெயித்தால் கிடைப்பது 9.6 புள்ளி, தோற்றால் போவது 30.4. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, 'இந்தப் போட்டி வேண்டாம், சின்னப் பசங்க ஜாஸ்தி' என்று முடிவெடுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 200 கூடுதலானவரிடம் தோற்றால் போவது 9.6 மட்டும், ஜெயித்தால் வருவது 30.4. ரேட்டிங்கைப் பூட்டிவைத்துக் காப்பாற்றுவதைவிட, மேலே உள்ளவர்களோடு மோதுவது மலிவு.

அப்புறம், எண்ணை வைத்துப் பலத்தை முடிவு செய்வதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அந்த எண் ஒரு கூட்டத்துக்குள் மட்டும்தான் செல்லும். ஆன்லைனில் செஸ் ஆடும் லிசெஸ் தளத்தில் புதிதாகச் சேர்கிற எல்லோருக்கும் ஆரம்பமே 1500. அந்த 1500-ம், செஸ்.காம் தளத்தின் 1500-ம், ஃபிடே 1500-ம் ஒன்றல்ல. லிசெஸில் ஒருவருடைய எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால், அவருடைய பலம் என்னவென்று தளத்துக்கே இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். அந்த ஆட்டத்தில் ஜெயித்தாலும் தோற்றாலும் அதிகம் மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஃபிடே எண்ணும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2024 மார்ச்சில், 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ஒரே நாளில் புள்ளிகள் கூட்டப்பட்டன. 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதம். 1000 இருந்தவர் 1400 ஆனார், 1500 இருந்தவர் 1700 ஆனார். குறைந்தபட்ச எல்லையும் 1000-லிருந்து 1400-க்குப் போனது. வேகமாக வளரும் சிறுவர்களின் ரேட்டிங் அவர்கள் பலத்துக்குப் பின்னால் தங்கிவிடுகிறது என்ற புகார் அதற்கு முன்பு வெகுகாலமாக இருந்தது. தமிழ்நாட்டு ஓப்பன் போட்டிகளில் ஆடியவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளையின் எண்ணை நம்பி அலட்சியமாக ஆடக்கூடாது.

மூடிய கூட்டத்தில் எண் எப்படியெல்லாம் வீங்கும் என்பதற்கு ஒரு விசித்திரமான உதாரணம் கிளாட் பிளட்குட். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலச் சிறையில் இருந்த ஆயுள் கைதி. சக கைதிகளோடு ஏராளமான போட்டி ஆட்டங்கள் ஆடி, 1996-ல் அமெரிக்கக் கூட்டமைப்பின் பட்டியலில் இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டார். ரேட்டிங் 2700-க்கு மேல்! அவர் அந்தப் பலத்தில் ஆடினார் என்று யாரும் நம்பவில்லை. உங்கள் அபார்ட்மென்ட்டில் நான்கு பேர் மாற்றி மாற்றி ஆடினால், அங்கே முதலிடம் பிடிப்பவரைப் பற்றி அந்த நான்கு பேர் மட்டும்தான் பேசுவார்கள்.

[திரையில்: 100 பேர் வரிசை. 70-ஆவது ஆளிடமிருந்து 20-க்கு ஒரு கோடு, பிறகு 95-க்கு ஒரு கோடு.]

நேரடிப் போட்டியில் எதிராளியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் போட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலான ஓப்பன் போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கின்றன. ரேட்டிங் வரிசைப்படி 100 பேரை இரண்டாகப் பிரித்து, மேல் பாதியைக் கீழ் பாதியோடு மோதவிடுவார்கள். நீங்கள் 70-ஆவது ஆள் என்றால் முதல் சுற்றில் உங்களுக்கு வருவது 20-ஆவது ஆள். எல்லாப் பலகையிலும் பலமானவரே ஜெயித்தார் என்று வைத்துக்கொண்டால், அடுத்த சுற்றில், ஒரே புள்ளி எடுத்தவர்களுக்குள்தான் மோதல் என்பதால், முதல் சுற்றில் தோற்றவர்கள் கூட்டத்திலிருந்து உங்களுக்கு வருவது 95-ஆவது ஆள். ஒரு சுற்றில் சுவரில் முட்டிக்கொள்கிறீர்கள், அடுத்த சுற்றில் எளிதாக ஜெயிக்கிறீர்கள். உங்கள் அளவுக்குச் சரியான ஆள் கிடைப்பதற்குள் பாதிப் போட்டி முடிந்திருக்கும்.

'பிலோ 1600', 'பிலோ 1800' என்று, அந்த ரேட்டிங்குக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் நடக்கும் போட்டிகள் இதனால்தான் உருப்படியானவை. உங்கள் ரேட்டிங் அந்த எல்லைக்கு 100, 200 கீழே இருந்தால் இன்னும் நல்லது. எல்லையை ஒட்டி நிற்பவர் பரிசுக்காக வருகிறார், நீங்கள் ஆட்டத்துக்காக வருகிறீர்கள்.

ஆன்லைனில் இந்தத் தலைவலி இல்லை. உங்கள் எண்ணுக்குப் பக்கத்து எண்ணாகப் பார்த்து தளமே பிடித்துக் கொடுக்கும். அதனால் வெற்றியும் தோல்வியும் பாதிக்குப் பாதி ஆகிவிடும். நீங்கள் வளர வளர எதிராளியும் வளர்ந்துகொண்டே இருப்பதால், ஆறு மாதம் கழித்தும் பாதிக்குப் பாதிதான் இருக்கும். இதைப் பார்த்து "நான் முன்னேறவே இல்லை" என்று சோர்ந்துபோகிறவர்கள் அதிகம். அமைப்புகளுக்குள் போய், எதிராளியின் ரேட்டிங் வரம்பைக் கொஞ்சம் மேலே தள்ளி வையுங்கள். 10 நிமிடத்துக்குக் குறைந்த ஆட்டங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அங்கே பாதி ஆட்டங்களைக் கடிகாரம் தீர்மானிக்கிறது.

கம்ப்யூட்டரோடு ஆடலாமா? பலம் குறைக்கப்பட்ட இன்ஜின், அதாவது செஸ் ஆடும் மென்பொருள், ஒரு மோசமான எதிராளி. ஐந்து நகர்வு கிராண்ட்மாஸ்டர் மாதிரி ஆடும், ஆறாவது நகர்வில் காரணமே இல்லாமல் யானையைத் தூக்கிக் கொடுக்கும். எந்த மனிதரும் அப்படித் தப்பு செய்வதில்லை. இதற்கு மாற்றாக வந்ததுதான் 'மாயா' என்ற இன்ஜின். சிறந்த நகர்வைத் தேடாமல், அந்த ரேட்டிங்கில் உள்ள மனிதர் இந்த இடத்தில் என்ன ஆடுவார் என்று கணிக்கும்படி, லிசெஸில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைக் கொடுத்துப் பழக்கப்பட்டது. 1100 முதல் 1900 வரை பல நிலைகள் உண்டு. லிசெஸில் மாயா1, மாயா5, மாயா9 என்ற பெயர்களில் ஆடுகிறது. ஆள் கிடைக்காத இரவில், ஸ்டாக்ஃபிஷ் என்ற வழக்கமான இன்ஜினின் மூன்றாவது நிலையைவிட இது எவ்வளவோ மேல்.

முழுப் பலமுள்ள ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் ஜெயித்திருக்கவேண்டிய ஒரு ஆட்டத்தை எடுத்து, ஒரு யானை கூடுதலாக இருந்த அந்த நிலையிலிருந்து அதனோடு ஆடி முடியுங்கள். ஆளை மாற்றாமல் நிலைமையை மாற்றிச் சமன் செய்வது பழைய வழக்கம். 1859-ல் ஐரோப்பாவை ஜெயித்துவிட்டு ஊர் திரும்பிய பால் மார்ஃபி, இனி ஒரு சிப்பாயையும் முதல் நகர்வையும் விட்டுக்கொடுத்துத்தான் யாரோடும் ஆடுவேன் என்று அறிவித்தார். வீட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் பலம் ஒத்துப்போகவில்லை என்றால் காயை எடுக்கவேண்டாம், கடிகாரத்தில் அவருக்கு 3 நிமிடம், அவளுக்கு 15 நிமிடம் வையுங்கள். ஆட்டத்தின் உருவம் கெடாது.

[திரையில்: சென்னை. பழைய கிளப் அறையின் ஓவியம், ஒரு பலகையைச் சுற்றி வரிசை.]

சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய தால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் பிளிட்ஸ், அதாவது சில நிமிடங்களில் முடியும் வேக ஆட்டம், ஆடிப் பழகினார். ஜெயித்தவர் பலகையை விட்டு எழமாட்டார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். யோசித்துப் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. தோற்றால், பலமானவர்கள் ஆடுவதை நின்று பார்த்தே ஆகவேண்டும். ஜெயித்தால், கிளப்பில் உள்ள எல்லாப் பலத்திலும் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள்.

1988-ல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, அந்தப் பலத்தில் மோதுவதற்கு நாட்டுக்குள் அவருக்கு ஆள் இல்லை, வெளிநாட்டுக்குத்தான் போகவேண்டும். இன்று இந்தியாவில் 80-க்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் இருக்கிறார்கள். பிரக்ஞானந்தாவுக்கும் வைஷாலிக்கும் வீட்டுக்குள்ளேயே ஒரு எதிராளி இருந்தார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை ஜெயித்து 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷ், அவர்களோடு ஆடி வளர்ந்த தலைமுறை. பயிற்சியாளர்களின் பங்கு பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் உன் வயதில், உன் ஊரில், உன்னைவிட ஒரு படி மேலே ஒருவர் எப்போதும் இருப்பதைப் பயிற்சியாளரால் தயாரித்துக் கொடுக்க முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு, உங்களைவிட 500 புள்ளி கூடுதலானவர் எதிரே வந்து உட்காரத்தான் செய்வார். முதல் சுற்றில் தப்பிக்க வழியில்லை. தோற்றதும் கைகொடுத்துவிட்டு ஓடிவிடாதீர்கள். அவரிடமிருந்து கிடைப்பதில் பெரும்பகுதி ஆட்டம் முடிந்த பிறகு, அரங்குக்கு வெளியே இருக்கும் மேஜையில்தான் கிடைக்கும். "சார், அஞ்சு நிமிஷம் பார்க்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். "நான் எங்கே தப்பு செய்தேன்" என்று மட்டும் கேட்காதீர்கள், 31-ஆவது நகர்வைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். "எந்த நகர்வுக்குப் பிறகு உங்களுக்குக் கவலை போச்சு?" என்று கேளுங்கள்.