கிணற்றுக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரியும்

நேயர்களுக்கு வணக்கம். தாமிரபரணியின் நீர் எப்படி நடக்கிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். ஆற்றைப் பற்றிக் கேட்டால் கிணற்றிலிருந்து தொடங்குவது என் வழக்கம்; பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊர் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் உள்ளது. வீட்டுக் கொல்லையில் இருந்த கிணறு கால்வாய்க் கரையிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். சித்திரையில் அதன் அடிப்பாறை தெரியும். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தவுடன் சிறுவர்களாகிய நாங்கள் ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்போம், பாறைதான் தெரியும். ஆச்சி கிணற்றின் உள்சுவரில் படிக்கு ஒன்றாகச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். "கால்ல தண்ணி வந்தது கெணத்துக்குப் பத்து நாளு கழிச்சுத்தாம்ல தெரியும்" என்பார்கள். பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ முதல் கோடு நனையும். அதைவிட எங்களுக்கு வியப்பளித்தது வேறொன்று: கால்வாயை அடைத்து, அதன் சேறு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும் நாளிலும் கிணற்றில் நான்கைந்து கோடுகள் முங்கியே இருக்கும்.

அந்தப் பத்து நாள் எங்கே போயிற்று என்று தேடித்தான் என் வாழ்நாளில் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. கால்வாயில் கசியும் நீர் மண்துகள்களுக்கு இடையே உள்ள இண்டு இடுக்குகளில் புகுந்து, ஏற்கெனவே அங்கே தங்கியிருக்கும் பழைய நீரை முன்னே தள்ளுகிறது. ஆகவே கிணற்றில் முதலில் ஏறுவது புதுத்தண்ணீர் அன்று. அதனால் தள்ளப்பட்ட பழைய நீர். ஆற்றிலும் இதுவே நடக்கிறது. மழை ஓய்ந்து பல வாரங்கள் ஆன பிறகும் ஆறு ஓடுகிறதென்றால், மண்ணுக்குள் மெதுவாக நடந்துவந்த நீர் கரையோரம் கசிந்து அதில் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

எனவே ஆறு என்று நாம் பார்ப்பது முழு ஆறு அன்று. எந்த நிலத்தில் விழும் மழை சரிந்து இந்த ஆற்றில் சேருமோ அந்த நிலம் அத்தனையும் ஆறுதான். அதைத்தான் வடிநிலம் என்கிறோம். பொதிகையில் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்மலை முகட்டில் அருகருகே இரண்டு துளிகள் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே சரியும் துளி நெய்யாற்றின் வழியாக அரபிக்கடலுக்குப் போகலாம். கிழக்கே சரிவது பாபநாசம் இறங்கி, நம் ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலுக்கு வரும். குற்றாலத்துச் சாரலும் சிற்றாற்றின் வழியே சீவலப்பேரியில் நம் ஆற்றோடுதான் சேருகிறது. திருக்குறுங்குடி மலையில் பெய்வதோ நம்பியாற்றில் இறங்கித் தனியே கடலுக்குப் போய்விடும்.

ஆடியில் பாளையங்கோட்டையில் காற்றுதான் அடிக்கும். ஆனால் தென்மேற்குக் காற்று மலையேறிக் குளிர்ந்து மேலே பெய்துகொண்டிருக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை மலையையும் சமவெளியையும் சேர்த்து நனைக்கும். கார், பிசானம் என்ற நம் இரு போகங்களும் இவ்விரு மழைகளைப் பார்த்து வைத்தவை. இடையில் உள்ள மாதங்களுக்குச் சோலைக்காடு இருக்கிறது. அங்கே இலைச்சருகு மெத்தையின் மேல் விழும் நீர் ஓடுவதற்கு முன் இறங்குகிறது. மீண்டும் சொல்கிறேன், இறங்கிய நீர்தான் மெதுவாக நடக்கும்.

கோடைமேலழகியானில் தொடங்கித் திருவைகுண்டம் வரை இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். ஓர் அணைக்கட்டில் பிரித்து வயலுக்கு விட்ட நீரில் ஒரு பகுதி, வடிகாலாகவும் கசிவாகவும் ஆற்றுக்கே திரும்பி, அடுத்த அணைக்கட்டில் மீண்டும் பிடிபடுகிறது. கால்வாயின் கரைகளுக்கு சிமெண்ட் பூசிவிட்டால் ஒரு சொட்டும் வீணாகாது என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆச்சியின் சுண்ணாம்புக் கோடுகள் நினைவுக்கு வரும். கடைமடைக்குத் தண்ணீர் விரைந்து போகும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வழியிலுள்ள கிணறுகளைக் கணக்கில் சேர்க்காமல் அதை மிச்சம் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

விரைந்து ஓடும் நீரை 2023 டிசம்பரில் நாம் அனைவரும் பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. இறங்க இடமில்லாமல் மண் நிறைந்துவிட்டால், விழுவதெல்லாம் மேலேயே ஓடும். குளங்கள் மறுகால் பாய்ந்து, கரை உடைந்து, ஒரு குளத்து நீர் அடுத்த குளத்தின் கரையையும் சேர்த்து உடைத்துக்கொண்டு போகும். அந்த மழையில் பெரும்பகுதி மலையணைகளுக்குக் கீழே, கடலை ஒட்டிய சமவெளியில் பெய்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

புன்னைக்காயல் முகத்துவாரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல்களைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு கொண்டுவரும் நன்னீர் உப்புநீரோடு கலக்கும் இடத்தில்தான் அங்கே அலையாத்தி எனும் சதுப்புநில மரம் வளர்கிறது. இறால் குஞ்சுகளுக்கு அதுவே ஒதுங்கிடம். அங்கிருந்து ஆவியாகும் நீர் நமக்கே மழையாகத் திரும்புமா என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. அப்படி உறுதி கூற முடியாது. காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகிறதோ அந்த ஊரில் பெய்யும். நமக்குப் பெய்வது வேறு யாரோ ஓர் ஊரார் கடலுக்கு அனுப்பிய நீராகவும் இருக்கலாம். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.