ஆண்டனியின் தூண்டிலில் மாட்டிய கருவாடு: ஒரு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். ரோமானியத் தளபதி மார்க் ஆண்டனியும் எகிப்திய அரசி கிளியோபாட்ராவும் ரோமானியப் போட்டியாளர் ஆக்டேவியனிடம் தோற்ற ஆக்டியம் கடற்போரைப் பற்றிய உரைக்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்று, நினைக்கும்போதெல்லாம் என்னைச் சிரிக்க வைக்கிறது. "அலெக்சாந்திரியாவில் மார்க் ஆண்டனி மீன் பிடிக்கப் போய்க் கிளியோபாட்ராவிடம் ஏமாந்த கதை உண்மைதானா? படை நடத்த வேண்டியவர் ஒரு குளிர்காலம் முழுவதையும் விளையாட்டில் தொலைத்ததுதானே அவருடைய வீழ்ச்சிக்குக் காரணம்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். கேள்வியின் முதற்பாதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிற்பாதியை இரண்டாயிரம் ஆண்டுகளாக எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கதையைக் கேள்விப்படாதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 41ஆம் ஆண்டில் ரோமின் கிழக்கு மாகாணங்களை மேற்பார்த்து வந்த ஆண்டனி, இன்றைய துருக்கியின் தென்பகுதியில் உள்ள தார்சஸ் நகருக்குக் கிளியோபாட்ராவை வரவழைத்தார்; அதன்பின் குளிர்காலத்தைக் கழிக்க அவருடைய தலைநகரான அலெக்சாந்திரியாவுக்கே போய்ச் சேர்ந்தார். ஒருநாள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது ஆண்டனிக்கு ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. அரசி பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்ற கூச்சத்தில், மீனவர்களை இரகசியமாக நீருக்குள் மூழ்கச் சொல்லி, ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த மீன்களைத் தம் தூண்டிலில் கோத்துவிட ஏற்பாடு செய்து, இரண்டு மூன்று முறை இழுத்தும் காட்டினார். கிளியோபாட்ராவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் வியந்து பாராட்டியதுபோல் நடித்துவிட்டு, மறுநாள் நண்பர்களையெல்லாம் வேடிக்கை பார்க்க அழைத்தார். எல்லோரும் படகுகளில் ஏறிக்கொண்டார்கள்; ஆண்டனி தூண்டிலைப் போட்டதும், அரசியின் ஆள் ஒருவர் முந்திக்கொண்டு மூழ்கி, கருங்கடல் பகுதியிலிருந்து வந்த கருவாடு ஒன்றை அதில் மாட்டிவிட்டார். ஆண்டனி பெருமையோடு இழுக்க, கருவாடு மேலே வர, படகுகள் எல்லாம் சிரிப்பில் குலுங்கின. "தளபதியே, தூண்டிலை ஃபாரோஸ், கனோபஸ் மன்னர்களாகிய எங்களிடம் விட்டுவிடுங்கள், நீங்கள் வேட்டையாட வேண்டியவை நகரங்களும் அரசுகளும் கண்டங்களும்" என்றாராம் கிளியோபாட்ரா. ஃபாரோஸும் கனோபஸும் அலெக்சாந்திரியாவை அடுத்த கடலோர இடங்கள்.

இது உண்மையா என்றால், என் வழக்கமான கேள்வியைத்தான் நான் திருப்பிக் கேட்பேன்: இதை நமக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார்? ரோம் எரிந்தபோது நீரோ பாடிக்கொண்டிருந்தார் என்ற கதையிலும் இதைத்தான் கேட்டோம், தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கும். தூண்டில் கதையை எழுதியவர் கிரேக்க வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க். அவர் எழுதியது நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழித்து. அவ்வளவு பிந்திய எழுத்தை எப்படி நம்புவது என்று ஒதுக்கிவிடாதீர்கள், ஏனென்றால் அந்த அலெக்சாந்திரிய நாட்களைப் பற்றிய ஒரு கதையாவது அவருக்கு நேரே அரண்மனைச் சமையலறையிலிருந்து வந்தது. இந்தச் சமையலறையைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் நான் காத்திருந்தேன்.

கிரேக்கத்தின் அம்ஃபிஸா ஊரைச் சேர்ந்த பிலோட்டாஸ் என்ற இளைஞர் அப்போது அலெக்சாந்திரியாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். அரண்மனைச் சமையற்காரர் ஒருவரோடு பழக்கம் ஏற்பட்டு, விருந்து தயாராவதைப் பார்க்க உள்ளே போனபோது, மற்ற உணவுகள் போக எட்டுக் காட்டுப்பன்றிகள் நெருப்பில் வெந்துகொண்டிருந்தன. எத்தனை நூறு பேருக்கு விருந்து என்று அவர் திகைக்க, சமையற்காரர் சிரித்தபடி, விருந்தினர் ஏறக்குறைய பன்னிரண்டு பேர்தான் என்றார். ஆண்டனி இப்போதே உணவு கேட்கலாம், மதுக் கிண்ணம் கேட்டுச் சற்றுத் தள்ளிப்போடலாம், பேச்சில் மூழ்கி மறந்தும் போகலாம். எப்போது கேட்டாலும் பக்குவமாகப் பரிமாற வேண்டும் என்பதால் ஒரு விருந்துக்குப் பல விருந்துகள் சமைக்கப்பட்டன. பிலோட்டாஸ் இதைப் புளூட்டார்க்கின் பாட்டனார் லாம்ப்ரியாஸிடம் சொல்ல, பாட்டனார் பேரனிடம் சொல்லியிருக்கிறார். பார்த்தவர், கேட்டவர், எழுதியவர் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் நமக்குத் தெரிந்த கதைகள் பண்டைய வரலாற்றில் மிகக் குறைவு. தூண்டில் கதைக்கு அப்படி ஒரு சங்கிலி இல்லை. ஆகவே பன்றிகளை நான் நம்புகிறேன்; கருவாட்டை நம்ப விரும்புகிறேன்.

இன்னொரு சான்று கல்லில் இருக்கிறது. இருவரும் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'ஒப்பற்ற வாழ்வினர்' என்ற பெயரில் ஒரு குழு அமைத்து, நாள்தோறும் ஒருவருக்கொருவர் விருந்து வைத்துக்கொண்டார்கள் என்கிறார் புளூட்டார்க். கட்டுக்கதை என்று தள்ளியிருக்கலாம்; ஆனால் அலெக்சாந்திரியாவில் கிடைத்த கி.மு. 34ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அதே சொல்லைக் கேலியாகத் திரித்து, காதலில் ஒப்பற்றவர் என்று ஆண்டனியைப் போற்றுகிறது. அதை நிறுத்தியவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் பாராசைட்டோஸ், அதாவது அடுத்தவர் பந்தியில் உண்டு வாழ்பவர். நண்பர் கூட்டத்தின் நையாண்டி அப்படியே கல்லில் ஏறிவிட்டது.

அந்த நகரமே கேலிக்குப் பேர்போனது என்பதையும் மறந்துவிடக் கூடாது. வேலைக்காரர் வேடத்தில் இருவரும் இரவில் தெருக்களில் திரிந்து, வீட்டு வாசல்களில் நின்று உள்ளே இருப்பவர்களைச் சீண்டினார்கள். ஆண்டனி வசையும் சில வேளைகளில் அடியும் வாங்கிக்கொண்டு திரும்பினார், அடித்தவர்களில் பெரும்பாலோருக்கு அவர் யாரென்ற ஐயம் இருந்தும்! ரோமானியரிடம் சோக முகமூடியும் தங்களிடம் நகைச்சுவை முகமூடியும் அணிகிறார் என்று நகர மக்கள் மகிழ்ந்தார்களாம். அதே ஊரில் பிறந்த வரலாற்றாசிரியர் அப்பியன் காட்டும் ஆண்டனியோ வேறு மாதிரி: பதவிச் சின்னங்களைக் கழற்றிவிட்டு, கிரேக்க உடையில், கோயில்களுக்கும் உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் அறிஞர்களின் உரையாடல்களுக்கும் தனிமனிதராகப் போய்வந்தவர். உள்ளூர்க்காரர் சொல்லும்போது அதே விடுமுறைக்கு ஒரு கௌரவம் வந்துவிடுகிறது, கவனித்தீர்களா?

இனி வீழ்ச்சிக்கு வருவோம். குளிர்காலத்தில் மத்தியதரைக் கடலில் கப்பல் போக்குவரத்து பெரும்பாலும் நின்றுவிடும். படைகளும் பாசறைகளில் தங்கிவிடும். அந்த மாதங்களில் ஒரு தளபதி ஓய்வெடுத்தது விந்தையல்ல. அதே குளிர்காலத்தில் இத்தாலியில் அவருடைய மனைவி ஃபுல்வியாவும் தம்பி லூசியஸும் ஆக்டேவியனை எதிர்த்து, பெருசியா நகரின் முற்றுகையில் தோற்றுப்போனார்கள் என்பதும், ரோமின் கிழக்கு எல்லைக்கு அப்பாலிருந்த பார்த்தியப் பேரரசின் படைகள் சிரியாவுக்குள் நுழைந்தன என்பதும் உண்மைதான். அதற்கான விலையை ஆண்டனி கொடுத்தார். ஆனால் மயங்கிக் கிடந்த மனிதர் என்ற சித்திரத்தைத் தீட்டியவர் பின்னாளில் அவரை வென்ற ஆக்டேவியன். அதனால் அவருக்கு இலாபம் இருந்தது. கி.மு. 40இன் வசந்தத்தில் ஆண்டனி எகிப்தைவிட்டுக் கிளம்பினார். இருநூறு கப்பல்களோடு இத்தாலிக்குப் போய், ஆக்டேவியனோடு உடன்பாடு செய்துகொண்டு, ஃபுல்வியா இறந்துவிட்ட நிலையில் ஆக்டேவியனின் தமக்கை ஆக்டேவியாவையே மணந்தார். அதே ஆண்டில் கிளியோபாட்ரா ஆண்டனியின் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்தார். ஆண்டனியும் கிளியோபாட்ராவும் மறுபடி சந்தித்துக்கொண்டது கி.மு. 37இல், சிரியாவின் அந்தியோக்கியா நகரில்தான்.