தாது இருந்தால் போதுமா? சீனாவின் அருமண் ஆராய்ச்சி

அவையோருக்கு வணக்கம்.

சீனாவில் பொருளறிவியல், அதாவது உலோகம், காந்தம் போன்ற பொருட்களை ஆராயும் துறை, வளர்ந்த வேகத்தைப் பேச வந்தால் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையைத்தான் முதலில் எடுப்பார்கள். அதை விட்டுவிட்டு, அருமண் தனிமங்களில் ஒன்றான நியோடிமியத்தின் வழியாக மட்டும் பார்ப்போம். மின்கார் மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்துக்கு அதுதான் ஆதாரம்.

உள் மங்கோலியாவின் பாயன் ஓபோ சுரங்கத்தில் தாது ஏராளம். நம் மணவாளக்குறிச்சி மணலிலும் நியோடிமியம் உண்டு. தாது வைத்திருப்பது வேறு, அதைப் பிரிக்கத் தெரிவது வேறு. நியோடிமியமும், தாதுவில் அதனோடு சேர்ந்தே கிடைக்கும் பிரசியோடிமியம் என்ற இன்னொரு அருமண்ணும் வேதிக் குணத்தில் இரட்டைப் பிள்ளைகள். தாதுவைக் கரைத்த அமில நீரை எண்ணெய் போன்ற கரைப்பானோடு கலக்கும்போது, நீரில் இரண்டும் சரிபாதி இருந்தால், எண்ணெய்ப் பகுதியில் 60க்கு 40 என்ற அளவுக்குத்தான் வித்தியாசம் வரும். ஆகவே கலக்கித் தெளியவைக்கும் தொட்டிகளைப் பல பத்துக் கணக்கில் வரிசையாக வைத்து, நீரை ஒரு பக்கமும் கரைப்பானை எதிர்ப்பக்கமும் ஓட்ட வேண்டும். எத்தனை தொட்டி? எவ்வளவு கரைப்பான்? தாதுக்கரைசலை எந்தத் தொட்டியில் விடுவது? நீரையும் எண்ணெயையும் பிரிக்கும் கண்ணாடிப் பிரிபுனல்களைக் கையால் குலுக்கிக் குலுக்கித்தான் இதற்கு விடை கண்டார்கள். தாதுவின் கலவை மாறினால் மறுபடி முதலிலிருந்து குலுக்க வேண்டும்.

பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் சூ குவாங்சியான் 1970களில் இந்தக் குலுக்கலைச் சமன்பாடாக மாற்றினார். அதோடு நிற்காமல் ஆலைப் பொறியாளர்களுக்கு வகுப்பெடுத்தார். காகிதத்தில் போட்ட கணக்கு நேரே ஆலைக்குப் போனது. 2008ஆம் ஆண்டுக்கான சீனாவின் உச்ச அறிவியல் விருது அவருக்குக் கிடைத்தது. என்னைக் கேட்டால், கோட்பாட்டைவிட அந்த வகுப்புகள்தான் பெரிய காரியம்.

நியோடிமியக் காந்தத்தைக் கண்டுபிடித்தவர்கள் சீனர்கள் அல்லர். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அது பிறந்தது. சீனா பிடித்துக்கொண்டது செய்முறையை. நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றையும் உருக்கி மெல்லிய பட்டைகளாக வார்ப்பார்கள். பட்டையை ஹைட்ரஜன் ஊட்டி நொறுக்கி, 3 முதல் 5 மைக்ரான் தூளாக அரைத்து, காந்தப்புலத்துக்குள் வைத்து அழுத்தி, வெற்றிடச் சூளையில் சுமார் 1,050 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். இங்கே எதிரி ஆக்சிஜன். படிகத் துகள்களுக்கு நடுவே நியோடிமியம் மிகுந்த மெல்லிய படலம் ஒன்று இருக்கும். ஒரு துகளின் காந்தத்தன்மை புரண்டால் பக்கத்துத் துகளையும் இழுத்துவிடாமல் தடுப்பது அதுதான். ஆக்சிஜன் முதலில் தின்பது அந்த நியோடிமியத்தை. பிறகு தூள் நெருங்கி இறுகாது, எதிர்த் திசைக் காந்தப்புலத்தையும் தாங்காது.

மோட்டார் சூடேறினால் காந்தம் வலுவிழக்கும். டிஸ்ப்ரோசியம் என்ற இன்னொரு அருமண்ணைச் சேர்த்தால் தாங்கும். ஆனால் மொத்தமாகக் கலந்தால் காந்தப் பலமே குறையும், விலையும் ஏறும். அதனால் மேற்பரப்பில் பூசிச் சூடாக்கி, துகள் விளிம்புகளில் மட்டும் ஊற விடுகிறார்கள்.

இத்தனைக்கும் விலை உண்டு. பிரிக்கும் தொட்டிகளில் கரைப்பான் அருமண் அயனியைப் பிடிக்கும்போது அமிலத்தை வெளியே விடும். அமிலம் ஏறினால் பிடிப்பு நின்றுபோகும். அதைச் சரிக்கட்ட ஊற்றிய அம்மோனியா கழிவுநீராக வெளியேறியது. அதற்குப் பதில் சுண்ணாம்பு போட்டால், சல்பேட் இருக்கும் இடத்தில் ஜிப்சம் படிந்து குழாய் அடைக்கிறது.