விதிக்குள் ஒளிந்த அநியாயம்

நடுவர் அவர்களே, என்னை முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, நாளைய இறுதி ஆட்டத்துக்கு இன்றைக்கே இடம் பிடிக்க வந்து பட்டிமன்றத்தில் மாட்டிக்கொண்ட தூத்தூர் கடற்கரைப் பெருமக்களே, வணக்கம்.

தொழில்முறை விளையாட்டில் விதிகளை மாற்றுவது நியாயத்தை வளர்க்கிறதா, குலைக்கிறதா? வளர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், தோற்றவன்தான் விதியை மாற்றச் சொல்வான்" என்று முழங்கினார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் ஐயா, கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால்?

1982 உலகக் கோப்பைக் கால்பந்து, ஸ்பெயின். முதன்முறையாக வந்த அல்ஜீரியா, மேற்கு ஜெர்மனியை 2-1 என்று சாய்த்தது. தன் கடைசி லீக் ஆட்டத்திலும் வென்றது. மறுநாள் ஜூன் 25, ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் ஆட்டம். ஜெர்மனி ஒரு கோலிலோ இரண்டு கோலிலோ வென்றால் இருவரும் அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியே. முந்தின நாளே கணக்கு முடிந்துவிட்டதால் இருவர் கையிலும் விடைத்தாள் இருந்தது. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் அடித்தது. அதன்பிறகு பந்து அங்கும் இங்கும் சும்மா உருண்டது. வேலிக்கு இப்பால் நின்ற அல்ஜீரியர்கள் பணத்தாள்களை எடுத்து ஆட்டிக் காட்டினார்கள். அல்ஜீரியா முறையிட்டது; தள்ளுபடி ஆனது. ஏன் தெரியுமா? யாரும் எந்த விதியையும் மீறவில்லை!

விதியை மீறினால் சிவப்பு அட்டை காட்டலாம். விதிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அநியாயம் செய்கிறவனுக்கு எந்த அட்டையைக் காட்டுவது? புத்தகத்தைத்தான் திருத்த வேண்டும். திருத்தினார்கள். 1986 முதல் ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன.

கிரிக்கெட்டுக்கு வருகிறேன். 1992 அரையிறுதி, சிட்னி. 13 பந்தில் 22 ரன் தேவை என்று நின்ற தென்னாப்பிரிக்கா, பத்துப் பன்னிரண்டு நிமிட மழை ஓய்ந்து திரும்பியபோது ஒரே பந்தில் 21 ரன் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பருவமழையையும் வாங்குகிற நம் குமரி மாவட்டத்தில்கூட மழை இவ்வளவு ஓரவஞ்சனை செய்ததில்லை. ஓவர்களைக் குறைத்துவிட்டு இலக்கைக் கிட்டத்தட்ட அப்படியே விட்ட அந்த மழை விதியைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டுமா?

"மரபு, மரபு" என்றார்கள். அந்த மரபு நம்மவருக்குச் செய்ததைச் சொல்கிறேன். 1947இல் சிட்னியில், பந்து வீசுகிற முனையில் நின்று, பந்து வீசும் முன்பே ஓடக் கோட்டைத் தாண்டிய ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை வினூ மன்கட் ரன் அவுட் ஆக்கினார். விதிப்படி சரி. ஆனால் அந்தச் செயலுக்கே அவர் பெயரைச் சூட்டி, ஏதோ திருட்டைப் போலப் பல தலைமுறை பேசினார்கள். ஓட்டத்தைத் திருடப் பார்த்தவர் கனவான், பிடித்தவர் கள்வர்! 2019இல் ஜெய்ப்பூரில் நம் அஸ்வின், ஜோஸ் பட்லரை அதேபோல் வெளியேற்றியபோதும் அதே வசைதான். 2022 அக்டோபரில் இந்த அவுட்டை 'முறையற்ற ஆட்டம்' என்ற பகுதியிலிருந்து எடுத்து, 'ரன் அவுட்' பகுதியில் வைத்தார்கள். ஒரு மனிதரின் பெயர்மீது ஒட்டியிருந்த கறையைக் கழுவ 75 ஆண்டுகள். கழுவியது மரபா, விதிமாற்றமா?

மாற்றமெல்லாம் தங்கம் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆட்டத்தின் நடுவே ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்கும் ஐபிஎல்லின் இம்பாக்ட் பிளேயர் விதி எனக்கும் பிடிக்காது. ரோகித் சர்மாவே பிடிக்கவில்லை என்றார். கால்பந்தில் கூடுதல் நேரத்தில் முதல் கோல் அடித்தவருக்கே வெற்றி என்ற 'கோல்டன் கோல்' வந்தது, சரிப்படவில்லை, 2004க்குப் பிறகு போய்விட்டது. அதைத் துரத்தியதும் இன்னொரு விதிமாற்றம்தானே?

ஹாக்கியில் புல்தரையை மாற்றியதால் இந்தியா சரிந்தது என்று எதிரணியினர் சொன்னார்கள். 1975இல் உலகக் கோப்பை வென்ற இந்தியா, செயற்கைத் தரை வந்த 1976 ஒலிம்பிக்கில் ஏழாவது இடம். இந்த அடி உண்மை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், தரையை வாங்கும் காசு ஒன்றல்ல. இந்த இடத்தில் எதிரணிக்கு ஒரு மதிப்பெண் தாராளமாகப் போடுங்கள்.

ஆனால் "திடீர் மாற்றம் துரோகம்" என்பதை இந்தக் கரையில் நின்று சொல்லலாமா? நம் ஒரே மாவட்டத்தில் விசைப்படகுகளுக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது, மேற்குக் கரைத் தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1இல். 61 நாள் படகு கரையில் கிடக்கிறது. வலிக்கிறது, ஆனாலும் நாள் முன்பே தெரிவதால் வலையைப் பழுது பார்த்துக்கொண்டு காத்திருக்கிறோம். போட்டித் தொடருக்கு முன்பே அறிவியுங்கள் என்று கேளுங்கள், உங்களோடு நானும் கையெழுத்திடுகிறேன். மாற்றவே கூடாது என்றால் மட்டும்...

மணி அடித்துவிட்டது. நடுவர் அவர்களே, பேச்சாளருக்கு ஏழு நிமிடம் என்பது விதி. எதிரணித் தலைவர் ஒன்பது நிமிடம் பேசினார், கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விதி பாதியில் மாறிவிட்டது போலிருக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தை எனக்கும் கொடுங்கள், அல்லது அவருக்கு மஞ்சள் அட்டை காட்டுங்கள்.