மசக்கையில தலவாணி பக்கத்துல பொறை டப்பா

ஹாய் மக்களே, மைக் ஆன் ஆச்சா... ஆங், ஆயிடுச்சி. ஞாயித்துக்கிழம ஆனா காசிமேட்டுல நின்னு வஞ்சிரம் வெல பேசுறவ ஏன் மீன் வீடியோவே போடலன்னு கமெண்ட்ல போட்டு தாக்குறீங்க. நான் மாசமா இருக்கேன்னு போன வீடியோல தான் சொன்னேனே! மீன் வாடை தெரு முனைக்கு வந்தாலே வயித்த பொரட்டுது. கடுகு தாளிச்சா ஆவல, குக்கர் ஆவி ஆவல, உங்கண்ணன் போடுற சென்ட்டு சுத்தமா ஆவல. சென்ட்ட பீரோல வெச்சி பூட்டிட்டேன், சாவி என்கிட்ட.

பக்கத்து வீட்டு ஆயா வேற, "எல்லாம் மனசு தான், நாங்கல்லாம் பெத்துக்கலியா"ன்னுது. மனசாம் மனசு! நஞ்சுக்கொடிலேர்ந்து ஜிடிஎஃப்15-னு ஒரு ஹார்மோன் வருது, குமட்டலுக்கு அது முக்கிய காரணம்னு 2023-லயே ஆராய்ச்சி வந்துடுச்சி.

சரி, குமட்டலுக்கு எனக்கு ஒத்து வந்தது இன்னான்னா, காலைல கண்ண முழிச்சதும் எழுந்துக்கவே கூடாது. படுத்துகினே காஞ்சதா ஏதாச்சும் கடிச்சிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சி மெதுவா எழுந்திரிக்கணும். வெறும் வயிறு தான் வில்லன். எல்லாரும் ரஸ்க்குன்றாங்க, ரஸ்க்கு எனக்கு புடிக்காது, ஒரே இனிப்பு. டீக்கடை பொறை தான் பெஸ்ட்டு, மொறமொறன்னு இருக்கும், ஆனா தூள் தலவாணி பூரா கொட்டி எறும்பு வந்துடும், அதுக்கு தான் இந்த டப்பா.

இந்த டப்பா கதைய கேளுங்க. வண்ணாரப்பேட்ட எம்.சி. ரோட்டு பிளாட்பாரத்துல கடக்காரரு 80 ரூபான்னாரு. நான் 50-க்கு கேட்டேன், மூஞ்ச திருப்பிகினாரு. அப்புறம் அவரே 70-ன்னாரு. எனக்கு குமட்டிகினு வருது, வாய தொறந்தா ரிஸ்க்கு, பேசாம நிக்கிறேன். 60-ன்னாரு. நான் வாய பொத்திகினு நிக்கிறேன். "இன்னாம்மா இப்டி மொறைக்கிற, எடுத்துகினு போ 50-க்கே"ன்னு குடுத்துட்டாரு! இத்தன வருஷம் தொண்ட கிழிய பேரம் பேசியும் இப்டி படிஞ்சதில்ல.

ஐயோ, தண்ணிய சொல்ல மறந்துட்டேன். சாப்பாட்டோட மடமடன்னு குடிக்காதீங்க, ரெண்டு சாப்பாட்டுக்கு நடுவுல கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. சாப்பாடும் அப்டி தான், அளவா, அடிக்கடி. ஃபோலிக் ஆசிட் மாத்திர காலைல ஒத்துக்கல, டாக்டர்ட்ட கேட்டு நைட்டுக்கு மாத்திகினேன், நிறுத்தலாம் கூடாது. அப்புறம் ஷேர் ஆட்டோ வோணாம்ப்பா, அந்த குலுக்கலும் பெட்ரோல் வாடையும்! தண்டையார்பேட்டைலேர்ந்து மெட்ரோ தான் இப்ப எனக்கு.

நிறைய பேருக்கு நாலாவது மாசத்துல அடங்கிடும்ன்றாங்க. ஆனா குடிச்ச தண்ணி கூட தங்கல, யூரின் கம்மியா கருமஞ்சளா போவுதுன்னா என் வீடியோவ பாத்துகினு ஒக்காராதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மெடிக்கல்ல நீங்களா மாத்திர வாங்கி போடாதீங்க.

நேத்து பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, அதான் அந்த பர்மா நூடுல்ஸ், சாப்ட போனோம். அத்தோ ரெண்டு வாய்க்கு மேல எறங்கல, ஆனா கூட குடுக்குற வாழத்தண்டு சூப்பு மட்டும் உள்ள நின்னுச்சி! வீடியோ எடுத்துகீறேன், ஆனா ஃபோன உத்து பாத்தாலே தல சுத்துது, உங்கண்ணன் எடிட் பண்ணா உண்டு.