கேப்சாவைத் தூக்கிவிட்டு ஹனிபாட் வையுங்கள்

வணக்கம் நண்பர்களே. நாம் மனிதரா இயந்திரமா என்று சோதிக்க இணையதளங்கள் காட்டும் படக் கேப்சா எனக்கு ஆகாது என்பது பழைய காணொளிகளைப் பார்த்த உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நேற்று ஒரு பயணச்சீட்டுத் தளம் கொடுத்த எரிச்சலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில், அமெரிக்கத் தெருவோரங்களில் நிற்கும் குட்டையான தீயணைப்புக் குழாயைக் கண்டுபிடிக்கச் சொன்னது. நம் ஊர்த் தெருவில் அதைப் பார்த்தவர் யார்? அடுத்து சிக்னல் விளக்கு. விளக்கின் ஓரம் மட்டும் மயிரிழை அளவு பக்கத்துக் கட்டத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டத்தைத் தொட்டாலும் புதுப் படங்கள், தொடாவிட்டாலும் புதுப் படங்கள்! இதற்குள் ஓடிபி காலாவதியாகிவிட்டது.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வான் ஆனும் மற்றவர்களும் கேப்சாவை உருவாக்கிய காலத்தில், நெளிந்த எழுத்துகளைப் படிக்க இயந்திரங்கள் திணறின. 2007-இல் வந்த ரீகேப்சா, நாம் தட்டிய சொற்களைக்கொண்டு நியூயார்க் டைம்ஸின் பழைய இதழ்களை எண்மமாக்கியது. அந்த யோசனை எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால், கூகுளின் படப் புதிர்களை முழுமையாகத் தீர்க்கும் நிரலைச் சூரிச் ஆய்வாளர்கள் 2024-இல் காட்டிவிட்ட பிறகும் மனிதரை எதற்குத் தேர்வெழுத வைக்க வேண்டும்?

நான் விரும்புவது ஹனிபாட். படிவத்தில் ஒரு வெற்றுப் பெட்டியை வைத்து, அதை, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் மூலம் திரைக்கு வெளியே தள்ளிவிடுகிறோம். மனிதர் கண்ணில் அது படாது. கண்ட பெட்டியையெல்லாம் நிரப்பும் ஸ்பேம் பாட் (குப்பைச் செய்தி அனுப்பும் தானியங்கி நிரல்) அதையும் நிரப்பி மாட்டிக்கொள்கிறது. எளிய படிவங்களைக் குப்பையாக்கும் பாட்களில் பெரும்பகுதி இந்த ரகம்தான். கூடவே, படிவம் திறந்த ஓரிரு நொடிக்குள் எல்லாம் நிரம்பி வந்தால் அதையும் சந்தேகப்படலாம்.

பெட்டியைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அதற்கு மின்னஞ்சல், தொலைபேசி என்று பெயர் வைத்தால் விவரங்களைத் தானாக நிரப்பும் பிரவுசரின் ஆட்டோஃபில்லே அதை நிரப்பி, நல்ல மனிதரைச் சிக்கவைத்துவிடும். ஆகவே வேறு பெயர் வையுங்கள். டேப் விசை அங்கே போகாதபடியும், பார்வையற்றோரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காதபடியும் செய்வது கட்டாயம்.

உங்கள் தளத்தையே குறிவைத்து எழுதப்பட்ட பாட் இதில் சிக்காது. அதற்கு, இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிளவுட்ஃபிளேர் 2022-இல் கொண்டுவந்த டர்ன்ஸ்டைல் போன்றவை உண்டு. பெரும்பாலும் பயனரிடம் எதையும் கேட்காமலேயே பிரவுசரைச் சோதிக்கும். எதை வைத்தாலும், சிக்கிய பதிவை உடனே அழிக்காமல் தனியே ஒதுக்கி, ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.