கடவுள் வாக்கெடுப்புக்கு வந்த நாள்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளி ஆண்டு விழாவிலிருந்து குடியிருப்போர் சங்கக் கூட்டம் வரை, கடவுள் பெயரைச் சொல்லித் தொடங்கலாமா என்ற பேச்சு எழாத இடமில்லை. ‘சொன்னால் என்ன குறைந்துவிடும்?’ என்பார் ஒருவர். ‘எந்தக் கடவுளை?’ என்பார் இன்னொருவர். இதே வாக்குவாதம் நம் அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையிலும் நடந்திருக்கிறது.

1949 அக்டோபர் 17. அரசியலமைப்பின் தொடக்கப் பத்தியான முகப்புரை விவாதத்துக்கு வருகிறது. தலைமை ராஜேந்திர பிரசாத். ‘இந்திய மக்களாகிய நாம்’ என்பதற்கு முன்னால் ‘கடவுளின் பெயரால்’ என்று சேர்க்க வேண்டும் என உறுப்பினர் எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். கீதைச் சுலோகம் ஒன்றையும் எடுத்துச் சொன்னார்.

உடனே ரோகிணி குமார் சௌத்ரி எழுந்தார். அவர் அசாம்காரர், காமாக்யா தேவியின் மண். கடவுள் என்றால் போதாது, தேவியின் பெயராலும் என்று இருக்கட்டுமே என்றார். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் சிக்கல் அங்கேதான் தெரிந்துவிட்டது. ஒரு பெயருக்குக் கதவைத் திறந்தால், அடுத்த பெயர் வாசலில் வந்து நிற்கும். அதைப் போ என்று சொல்ல யாருக்கும் நியாயம் இருக்காது.

என்னைக் கவர்ந்தவர் திருவிதாங்கூரின் பட்டம் தாணு பிள்ளை. தாம் கடவுள் நம்பிக்கை உள்ளவர் என்று சொல்லிக்கொண்டே அவர் எதிர்த்தார். நம்பவும் நம்பாமல் இருக்கவும் உரிமை தருகிற சட்டம், நம்பாதவரை இப்படிக் கட்டாயப்படுத்தலாமா என்பது அவர் வாதம். நாத்திகர் சொல்லியிருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். பக்தர் சொன்னதைத் தள்ள முடியவில்லை. கடவுளுக்கு வாக்களிக்க வேண்டிய சங்கடத்தில் எங்களை மாட்டிவிடாதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி காமத்தைக் கேட்டுக்கொண்டார். காமத் விடவில்லை. வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருத்தம் தோற்றது.

அதை வைத்து அந்தச் சபைக்குக் கடவுள் பெயரே ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். 1948 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் உறுதிமொழியில் கடவுள் பெயர் வேண்டும் என்று கேட்டவரும் இதே காமத்தான். அன்று சபை இசைந்தது. கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டு வழியும் சட்டத்தில் ஏறின.

அதே கடவுள், அதே சபை, ஏறக்குறைய அதே உறுப்பினர்கள். ஒன்றை ஏற்று ஒன்றை மறுத்தது முரண்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. உறுதிமொழியில் பேசுவது ஒரு ஆள். அவர் வாய், அவர் மனசாட்சி, அவர் கடவுள்; அதில் மற்றவருக்கு வேலையில்லை. முகப்புரை அப்படியல்ல. அது எல்லோர் சார்பிலும் பேசுகிறது. அதில் ஒரு பெயரைச் சேர்த்தால், அதை ஏற்காதவர் வாயிலும் அதைத் திணித்ததாகிவிடும். சங்கக் கூட்டத்தில் ஒருவர் தன் பேச்சை ‘முருகா’ என்று தொடங்குவதும், சங்கத்தின் தீர்மானத்தையே அப்படித் தொடங்குவதும் ஒன்றல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் மாநிலத்தில் அந்த இரட்டை வழி நன்றாகவே புழங்குகிறது. அடுத்த முறை அமைச்சர்கள் பதவியேற்பு ஒலிபரப்பாகும்போது காது கொடுத்துக் கேளுங்கள். சிலர் ‘கடவுளறிய’ என்பார்கள், சிலர் ‘உளமார’ என்பார்கள். எதைச் சொன்னாலும் பதவி ஒன்றுதான், கையெழுத்துப் போடும் பதிவேடும் ஒன்றுதான். வணக்கம்.